டீச்சர் இறங்கும் சீட்டு

போன மாசி மாசம், ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நடந்தது இது. எனக்கு வீடு பெண்ணாடத்தில். வேலை விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில், ஒரு சின்னக் கம்பெனியில். பொம்மை, ஜாடி, ஃபியூஸ் கட்டை என்று சூளையிலிருந்து வருவதையெல்லாம் தரம் பார்த்து, பொதிந்து, லாரியில் ஏற்றி அனுப்பும் பொறுப்பு என்னுடையது. தினமும் காலையில் திட்டக்குடியிலிருந்து வரும் பஸ்ஸைப் பிடித்துத்தான் வேலைக்குப் போகிறேன்.

அந்த பஸ் பெண்ணாடத்துக்கு வரும்போதே பிதுங்கி வழியும். ஆனாலும் எனக்கு ஒரு நாளும் சீட்டுக் கிடைக்காமல் போனதில்லை. காரணம் ஒரு டீச்சர். அவர் திட்டக்குடியில் ஏறி, பெண்ணாடத்தில் இறங்குபவர். பஸ் நின்றதும் எழுந்துவிட மாட்டார். நான் நாலு பேரை இடித்துக்கொண்டு உள்ளே போய் அவர் பக்கத்தில் நிற்கும்வரை பசை போட்டதுபோல உட்கார்ந்திருப்பார். நான் வந்ததும் அவர் பாதி எழுந்திருக்க, நான் பாதி உட்கார, சீட்டு காற்றுப் படாமல் கை மாறிவிடும். சுற்றி நிற்பவர்கள் முறைப்பார்கள், சிலர் முணுமுணுப்பார்கள். நாங்கள் கண்டுகொள்வதில்லை. தினமும் போய்வருகிறவர்களுக்குள் இது ஒரு ஒப்பந்தம். எங்கள் பஸ்ஸில் பாதி சீட்டுகள் இப்படித்தான் ஆள் மாறும். நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கிற எனக்கு அந்த முக்கால் மணி நேரம் உட்கார்ந்து போவது பெரிய வரம்.

என்ன ஒன்று, சீட்டு நமக்குக் கிடைத்தாலும் மடி நமக்குச் சொந்தமில்லை. நிற்பவர்கள் எல்லாரும் தங்கள் மூட்டை முடிச்சுகளை நம் மடியில் இறக்கிவிடுவார்கள். அதுவும் என்னுடையது ஓரத்துச் சீட்டு. சாப்பாட்டுப் பை, ஸ்கூல் பை, பச்சைக் குழந்தை, ஒருமுறை காலைக் கட்டின சேவல்கூட என் மடியில் பயணம் செய்திருக்கிறது. மாட்டேன் என்று சொல்லவும் முடியாது, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வாங்கிக்கொள்வேன்.

அன்றைக்கும் அப்படித்தான். நான் உட்கார்ந்த மறு நிமிஷமே ஒரு துணிப்பை என் முகத்துக்கு நேரே நீண்டது. ஐம்பது வயது இருக்கும் அவருக்கு. கசங்கிய வெள்ளைச் சட்டை, தலையில் இறுக்கிக் கட்டிய துண்டு. பீங்கான் சாமான், உடைந்துவிடும், விருத்தாசலம் வரை வைத்துக்கொள்ளுங்கள் என்றார். நான் கையை நீட்டும் முன்பே மறுபடி சொன்னார்.

"கீழ மட்டும் வச்சிடாதீங்கம்மா."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. பீங்கான் வாங்க ஊரெல்லாம் விருத்தாசலம் வருகிறது. இவர் விருத்தாசலத்துக்கே பீங்கான் கொண்டுபோகிறாரே என்று நினைத்தேன். சரி, கடையில் வாங்கினது விரிசலாக இருந்திருக்கும், மாற்றிக்கொண்டு வரப் போகிறார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். கையில் வாங்கியதும் அதுவும் சந்தேகமாக இருந்தது. பீங்கானுக்கு உண்டான கனம் இல்லை. வைக்கோலோ பேப்பரோ வைத்துப் பொதியாமல் வெறும் துணியைச் சுற்றியிருந்தது.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. எந்தச் சாமானைக் கையில் எடுத்தாலும் காதோரம் கொண்டுபோய்த் தட்டிப் பார்ப்போம். நல்ல சாமான் என்றால் கிண்ணென்று பேசும். விரிசல் இருந்தால் சத்தம் செத்துப்போகும். பொதிந்து கட்டியதாக இருந்தால் மெதுவாக ஆட்டிப் பார்ப்போம், உடைந்த சில்லு இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். அந்தப் பழக்கதோஷத்தில் பையைத் தூக்கிக் காதுப் பக்கம் வைத்து ஆட்டினேன். உள்ளே கலகலவென்று ஒரு சத்தம்.

"உள்ள ஏற்கனவே ஒடஞ்சிதாண்ணே கெடக்குது. சில்லு சத்தம் கேக்குது பாருங்க" என்றேன். தொழில் தெரிந்தவள் என்கிற மிதப்பு வேறு.

அவர் குனிந்து, பையின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். "ஆட்டாதீங்கம்மா" என்று மட்டும் சொன்னார். ஒரு உதவி செய்தால் இப்படி ஒரு அதிகாரமா என்று எனக்குச் சுருக்கென்றது. அதன் பிறகு நான் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

ஊர் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் பஸ் நின்றுவிட்டது. கரும்பு லோடு ஏற்றி வந்த டிராக்டரின் டிரெய்லர் ரோட்டை அடைத்துக்கொண்டு கவிழ்ந்து கிடந்தது. சர்க்கரை ஆலை ஓடும் காலத்தில் எங்களுக்கு இது புதிதில்லை. பாதிப் பேர் கீழே இறங்கி, கிடைத்தது வாய்ப்பு என்று ஆளுக்கொரு கரும்பை உருவிக் கடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். டிராக்டர்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். எனக்கோ பெங்களூர் போகிற லாரி கம்பெனி வாசலில் வந்து நிற்கிறது என்று முதலாளியிடமிருந்து போன்மேல் போன். எரிச்சல் மண்டைக்கு ஏறியது.

பை கொடுத்தவருக்கும் ஒரு போன் வந்தது. வழியில் வண்டி நிற்கிறது, வந்துவிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே சரியாகக் கேட்கவில்லை போல. கீழே இறங்கிப் பேசப் போனார். போகும்முன் பையை வாங்கக் கை நீட்டினார். கரும்போடு உள்ளே ஏறியவர்கள் நெருக்கித் தள்ளியதில் கையை இழுத்துக்கொண்டு, "தோ வந்துர்றேம்மா, கீழ வச்சிடாதீங்க" என்று மறுபடியும் அதையே சொல்லிவிட்டு இறங்கினார்.

கொஞ்ச நேரத்தில் ஓரமாக வழி கிடைத்தது. டிரைவர் ஹாரனை அடித்துக்கொண்டே வண்டியை நகர்த்தினார். இறங்கியவர்கள் அடித்துப் பிடித்துத் தொற்றி ஏறினார்கள். அவரும் பின்னால் எங்காவது ஏறியிருப்பார் என்றுதான் நினைத்தேன். அந்தக் கூட்டத்தில் தலையைத் திருப்பிப் பார்க்கக்கூட முடியவில்லை.

விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் எல்லாரும் இறங்கினார்கள். அவர் இல்லை. பஸ் காலியான பிறகும் அவர் இல்லை. கண்டக்டரிடம் சொன்னேன். பின்னால் வரும் வண்டியில் வந்துவிடுவார், டைம் கீப்பரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார். நல்ல யோசனை, தொல்லை விட்டது என்று அந்த ஜன்னலுக்குப் போனேன். டைம் கீப்பர் விவரமானவர். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் வாங்க மாட்டேன், அப்புறம் நகையைக் காணோம், நட்டைக் காணோம் என்று வந்து நிற்பார்கள் என்றார். அதுவும் நியாயம்தானே என்று பையைத் திறந்து, சுற்றியிருந்த துணியைப் பிரித்தேன்.

ஒரு சின்ன மண் கலயம். வாயில் மஞ்சள் துணி போட்டுக் கட்டியிருந்தது. அந்தக் கட்டுக்குள் நாலைந்து வாடின சாமந்திப் பூ. பால் திரிந்த வாடை அடித்தது.

சாவு விழுந்த வீட்டைப் பார்த்தவர்களுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. எரித்த மறுநாள் பால் தெளித்து, எலும்பையும் சாம்பலையும் பொறுக்கிக் கலயத்தில் கட்டுவார்கள். சுத்துப்பட்டு ஊர்க்காரர்கள் அதை எங்கள் மணிமுத்தாற்றில் கொண்டுவந்து கரைப்பது வழக்கம். காசியில் கரைப்பதற்குச் சமம் என்பார்கள். டைம் கீப்பர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். "எடுத்துக்கினு போம்மா மொதல்ல" என்றார்.

இதையா மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்? இதையா காதோரம் ஆட்டிப் பார்த்தேன்? எங்கள் வீட்டில் நாத்தனார் கல்யாணத்துக்கு முந்தாநாள்தான் பந்தக்கால் நட்டிருந்தோம். பந்தக்கால் நட்ட வீட்டில் சாவுப் பேச்சே எடுக்கக் கூடாது என்பார் மாமியார். அந்த ஆள்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. பொய் சொல்லி என் தலையில் கட்டிவிட்டாரே என்று வாய்விட்டே திட்டினேன்.

என் கை தானாகக் கீழே போனது, அதைத் தரையில் வைத்துவிடலாம் என்று. அப்போதுதான் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது உறைத்தது. ஆற்றுக்குக் கொண்டுபோகும் கலயத்தை வழியில் தரையில் வைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பஸ்ஸில் மேலே இருக்கிற கம்பித் தட்டில் வைத்தால் உருளும், கீழே வைத்தால் கால் படும். நின்றுகொண்டு வருகிறவர் ஒரு கையால் கம்பியைப் பிடித்து ஒரு கையால் இதை எப்படிக் காப்பாற்றுவார்?

ஸ்டாண்டில் பூ விற்கிற அக்கா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "தாலி கட்டுன பொண்ணு, இத போயி கையில வச்சிக்கினு நிக்கிற. அந்த வேப்பமரத்தாண்ட வச்சிட்டு, தலைக்கு ஊத்திக்கினு வேலைய பாத்துக்கினு போ. வர்றவன் எடுத்துக்குவான்" என்றார். அவர் என் நல்லதுக்குத்தான் சொன்னார். நானும் அந்த மரத்தடி வரைக்கும் போனேன். அங்கே ரெண்டு நாய் படுத்திருந்தது. ஒன்று எழுந்து வந்து பையை மோந்து பார்த்தது. அதன் பிறகு எனக்கு வைக்க மனசு வரவில்லை.

முதலாளியின் போனை எடுக்காமல் கட் பண்ணினேன். ஆற்றில் யாராவது காத்திருப்பார்கள் என்று தோன்றியது. ஒரு ஆட்டோவைக் கூப்பிட்டேன். என்ன பை என்று ஆட்டோக்காரர் கேட்டார். "பீங்கான் சாமாண்ணே, கொஞ்சம் மெதுவா ஓட்டுங்க" என்றேன். சொன்ன பிறகுதான் என் வாயிலும் அதே பொய் வந்தது தெரிந்தது.

ஆற்றில் தண்ணீர் இல்லை. மணல் திட்டும் முள்ளுச் செடியும், நடுவில் அங்கங்கே பச்சை பூத்த குட்டையுமாகக் கிடந்தது. படித்துறையில் ரெண்டு மூன்று கூட்டம் திதி கொடுத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கூட்டமாகப் போய், திட்டக்குடி பக்கத்திலிருந்து யாரையாவது எதிர்பார்க்கிறீர்களா என்று கேட்டேன். கடைசியில் ஐயரோடு தனியாக உட்கார்ந்திருந்த ஒருவர் பையைப் பார்த்ததும் எழுந்து வந்தார். பை கொடுத்தவருடைய தம்பியாம். அவர் போனில் பேசியது இவரிடம்தான்.

அப்பாடா என்று பையை நீட்டினேன். அவர் ரெண்டடி பின்னால் போனார். தன் மனைவி மாசமாக இருக்கிறாள், நான் தொடக் கூடாது, ஐயரைப் பிடித்து வைக்கத்தான் வந்தேன், அண்ணன் வந்துவிடட்டும் என்றார். சங்கடத்தோடுதான் சொன்னார். அண்ணனுக்குப் போன் போட்டு, கலயம் இங்கே இருக்கிறது, நேரே ஆற்றுக்கு வா என்று சொன்னார். எதிர்முனையில் அந்த மனுஷன் அழுத சத்தம் எனக்கே கேட்டது.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நான் கலயத்தைக் கட்டிக்கொண்டு நின்றேன். கை கடுத்தது. இறந்தது யார் என்று அப்போதுதான் கேட்டேன். அண்ணன் பெண்ணாம். இருபத்தோரு வயசு. ரெண்டு கிட்னியும் போய்விட்டதாம். வாரத்துக்கு ரெண்டு நாள் விருத்தாசலத்துக்கு வந்துதான் ரத்தம் சுத்தம் பண்ணிக்கொண்டு போவாளாம். போன வாரம் மூச்சுத் திணறல் வந்து, வீட்டிலேயே முடிந்துவிட்டதாம். பெண்ணுக்கு அம்மாவும் இல்லை.

அண்ணன்காரர் யாரோ ஒருவருடைய பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்து இறங்கினார். தலைத்துண்டு எங்கேயோ விழுந்துவிட்டது. மொட்டைத் தலையில் அங்கங்கே சவரக் காயம். படியில் ஓடி வந்தவர் என் எதிரே நின்று மூச்சு வாங்கினார். பையை வாங்கக் கை நீட்டவில்லை.

"கீழ வச்சிட்டீங்களாம்மா?"

"இல்லண்ணே. வைக்கவே இல்ல."

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகுதான் ரெண்டு கையையும் நீட்டினார். நான் குனிந்து கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, கலைந்திருந்த துணியைச் சரி பண்ணினார். பீங்கான் என்று சொன்னீர்களே என்று கேட்டேன். கோபமாகக் கேட்கத்தான் நினைத்திருந்தேன். முன்னால் வந்த பஸ்ஸில் உண்மையைச் சொன்னதற்கு இறக்கி விட்டுவிட்டார்கள், கார் பிடிக்க வழியில்லை, அதனால்தான் என்றார். நிஜத்தைச் சொல்லியிருந்தால் நீங்கள் வாங்கியிருப்பீர்களா என்றும் கேட்டார். நான் வாங்கியிருக்க மாட்டேன். அதை அவரிடம் சொல்லவில்லை, அவருக்கும் தெரியும்.

பிறகு என்னைப் பார்க்காமல், கலயத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"உங்கள எனக்குத் தெரியும்மா. டீச்சரம்மா எறங்குனா அந்த சீட்டுல நீங்கதான் உக்காருவீங்க. பாப்பா அந்த சீட்டோரந்தான் நிக்கும். இந்த பஸ்ஸுல வாராவாரம் ரெண்டு நாளு கூட்டியாந்தேன். ஒரு நாளும் எடம் கெடச்சதில்ல. இன்னிக்குத்தான் உக்காந்து வந்துச்சு."

குத்திக்காட்டுகிற தொனி அதில் துளியும் இல்லை. அந்த மனுஷன் நிஜமாகவே எனக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். டீச்சர் எழுந்திருக்கும்போது அந்தப் பெண் பக்கத்திலேயே நின்றிருக்கிறாள். இன்றைக்காவது உட்காரலாமா என்று நினைத்திருப்பாள். நான் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து, அவள் கண் எதிரே உட்கார்ந்திருக்கிறேன். ஒரு நாள் இல்லை, எத்தனையோ நாள். கேட்டிருக்கலாமே, ஏன் கேட்கவில்லை என்றேன். பெண்ணுக்குக் கூச்சமாம். சீக்காளி என்று சொல்லிச் சீட்டுக் கேட்காதே அப்பா என்று சொல்லிவிடுவாளாம்.

ஐயர் கூப்பிட்டார். பெண்ணின் அப்பா கலயத்தோடு மணலில் நடந்து போனார். முழங்காலளவு தண்ணீர்கூட இல்லாத ஒரு குட்டையில் இறங்கி, வழக்கப்படி கலயத்தை முதுகுக்குப் பின்னால் கவிழ்த்தார். ஓடுகிற தண்ணீராக இருந்தால் அடித்துக்கொண்டு போயிருக்கும். சாம்பல் போக இடமில்லாமல் அவர் காலைச் சுற்றியே நின்றது. அவர் கையால் தண்ணீரைத் தள்ளித் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். என்னால் அதற்கு மேல் பார்க்க முடியவில்லை. படித்துறைக் குழாயில் உடுத்திய புடவையோடு தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரத்தோடு வேலைக்குப் போனேன். லாரி போய்விட்டிருந்தது. முதலாளி கத்தினார். ஒன்றும் காதில் விழவில்லை.

அன்றைக்கு ராத்திரி முழுக்க அந்தப் பெண்ணின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். வரவே இல்லை. உட்கார்ந்திருப்பவர்கள் நிற்பவர்களின் முகத்தைப் பார்ப்பதில்லை, பார்த்தால் எழுந்திருக்க வேண்டி வரும் என்று ஒரு பயம். எனக்கு வந்ததெல்லாம் ஒரு கை. என் தோளுக்குப் பக்கத்தில், முன் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்திருக்கும் ஒல்லியான கை. முழங்கைக்குக் கீழே வெள்ளைப் பிளாஸ்திரி. ஊசி போட்டிருப்பார்கள் என்று ஒரு நாள் நினைத்துக்கொண்டதும் ஞாபகம் வந்தது. அதற்கு மேல் நிமிர்ந்து பார்க்கவில்லை.

திங்கட்கிழமை டீச்சரிடம் சொன்னேன். அவர் சீட்டைக் கெட்டியாகப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார், பிறகு எழுந்து இறங்கிப் போனார். எங்கள் ஒப்பந்தம் அதோடு முடிந்துவிட்டது என்று எழுத ஆசைதான். ஆனால் பொய் எதற்கு? கால் வலிக்கிற நாட்களில் நான் இன்னும் அந்தச் சீட்டில் உட்காரத்தான் செய்கிறேன். உட்காரும் முன், சுற்றி நிற்கிற முகங்களை ஒவ்வொன்றாக நிமிர்ந்து பார்க்கிறேன், அவ்வளவுதான். அப்படிப் பார்த்ததில் எழுந்து நின்றுகொண்டே போன நாட்களும் உண்டு, ஆனால் எத்தனை முகத்தைப் பார்த்தாலும் அந்த ஒரு முகம் எனக்கு இனி எப்போதும் தெரியப் போவதில்லை.